பிடி அரிசி

அன்புள்ள ஐயா,

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் குடியிருப்பில் உணவு வங்கிக்காகப் பொருள் திரட்டினோம். நல்ல அரிசி, எண்ணெய் எல்லாம் வந்தன. ஆனால் இரவு பிரித்துப் பார்த்தால் காலாவதியான நூடுல்ஸ், வண்டு பிடித்த துவரம்பருப்பு, பாதி தீர்ந்த சத்துமாவு டப்பா. ஒரு வீட்டில் தாங்கள் சமைக்கவே சமைக்காத ரேஷன் அரிசியைப் பத்து கிலோ கொடுத்துவிட்டு போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த முறை பயனாளிகளுக்காகப் பணமாகவே வாங்கிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போட்டோவை விடுங்கள். எடுத்துவிட்டுப் போகட்டும், அதனால் அரிசி குறையாது. ‘பயனாளிகள்’ என்ற சொல்லை மட்டும் அரசாங்கக் கோப்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாப்பிடப்போகிறவர்கள், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். வண்டுப் பருப்பை வாசலிலேயே பார்த்திருப்பீர்கள். ஏன் கை நீட்டி வாங்கினீர்கள்? பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரே என்ற தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு முகம் தெரியாத ஒருவரின் வயிறா விலை?

என் அம்மா தினமும் உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவார். தைப்பூசத்துக்கு அது வடலூர் தருமச்சாலைக்குப் போகும். 1867இல் வள்ளலார் ஏற்றிவைத்த அடுப்பு அங்கே இன்னும் அணையாமல் எரிகிறது. நம் மாவட்டத்துக்காரருக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. நான் சொல்லவந்தது அந்தக் கலயத்தைப் பற்றி. வீட்டில் பொன்னி வெந்த மாதம் அதில் பொன்னி இருக்கும். ரேஷன் அரிசியே கதி என்றிருந்த மாதம் ரேஷன் அரிசி. எங்களுக்கு அளந்ததிலிருந்தே எடுத்தது. ஆகவே ரேஷன் அரிசி கொடுப்பது தப்பே இல்லை, அதைத் தின்கிறவன் கொடுத்தால். மிஞ்சியதைத் தள்ளிவிடுவது வேறு, அது அலமாரியைச் சுத்தம் செய்வது. அதற்குத் தானம் என்று பெயர் வைக்காதீர்கள். கலயத்தில் விழுந்தது களைவதற்கு முன், எஸ். சாப்பிட்டு முடித்தபின் அல்ல.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நிவாரண மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எங்கெங்கிருந்தோ லாரிகள் வந்தன. பழைய துணிதான் மலை மாதிரி. ஒரு மூட்டையில் கோட்டும் சூட்டும் வந்தது, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறவனுக்கு! மூன்றாம் நாள் எரிச்சலில் மூட்டைகளைக் காலால் தள்ள ஆரம்பித்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது ஒரு மஞ்சப்பை கிடைத்தது. உள்ளே ஒரு படி அரிசி, காம்பு கிள்ளிய மிளகாய், வெங்காயம், ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டி நமுத்துப்போகாமல் இருக்க பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தது. அப்புறம் புளி. கொட்டை, கோது எல்லாம் எடுத்து, உப்புப் போட்டு, ஒரு வேளைக் குழம்புக்கு ஒன்று என்று எலுமிச்சை அளவில் ஏழு உருண்டை. அரிவாள்மணை அடித்துக்கொண்டு போன வீட்டில் எப்படிச் சமைப்பார்கள் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பெயர், ஊர் எதுவும் இல்லை. பை முழுக்கப் புளி வாசனை. வெகுநேரம் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

பணமா பொருளா என்று கேட்டீர்கள் இல்லையா? பணம் வாங்குங்கள், கணக்கு வைக்கச் சௌகரியம். ஆனால் வாசலில் ஒரு கூடையும் இருக்கட்டும். வண்டுப் பருப்பு வந்தால், “நீங்க சமைக்கிறதுல ஒரு பிடி போதும்க்கா” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.