எட்டு மாணவர்கள், பத்து நிமிடம்

கண்டியில் வேலை செய்யும் ரெஜிஸ்ட்ரார் (நிபுணர் பயிற்சியில் இருக்கும் டொக்டர்) ஒருவர் கேட்கிறார்: "வார்ட் ரவுண்ட் முடிந்ததும் 'பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுங்க' என்று கொன்சல்டன்ட் எட்டு மாணவர்களை என்னிடம் விட்டுப் போகிறார். எப்படிக் கற்பிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நேரமும் இல்லை. என்ன செய்யலாம்?"

முதலில், லெக்சர் எடுக்காதீர்கள். அது ஏற்கெனவே மருத்துவ பீடத்தில் நடந்துவிட்டது. 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் வெளியிட்ட 'ஒரு நிமிட ஆசான்' முறை உங்களுக்குப் பொருந்தும். மாணவரை ஒரு முடிவு சொல்ல வைப்பது, காரணம் கேட்பது, ஒரு பொது விதியைச் சொல்வது, சரியாகச் செய்ததைச் சுட்டுவது, பிழையைத் திருத்துவது. இவ்வளவுதான்.

கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி நேற்று வந்த அம்மாவை எடுத்துக்கொள்வோம். வரும்போது வாந்தி, தலைச்சுற்று, பிரஷர் 80/50, நாடி 130. உடம்பில் தடிப்பு இல்லை. "இது என்ன?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கஷ்டமே இங்கேதான், மூன்று செக்கன் பொறுக்காமல் நாமே விடையைச் சொல்லிவிடுவோம்.

ஒரு மாணவி, "பயத்தில் மயங்கியிருப்பார்" என்கிறார். "எதை வைத்து?" "தடிப்பு இல்லையே, டொக்டர்." சரி, ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. அந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிடுங்கள்: பயத்தில் மயங்கினால் நாடி பெரும்பாலும் மெதுவாகும். குளவி கொட்டிச் சில நிமிடங்களில் பிரஷர் விழுந்தால், தடிப்பு இல்லாவிட்டாலும் அனபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை) என்றே எடுக்கவேண்டும். தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம், ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. அப்புறம், "தோலைப் பார்க்க நினைத்தது நல்லது" என்று சொல்லுங்கள். வெறும் 'குட்' யாருக்கும் எதையும் கற்பிக்காது.

நோயாளி சரிந்துகொண்டிருக்கும்போது இந்தக் கேள்வி பதில் வேண்டாம். முதலில் ஊசி, பாடம் மறுநாள்.

நம் பக்கத்து வார்ட்களில் இன்னொரு பழக்கமும் உண்டு. நோயாளி தமிழ் பேசுபவர் என்றால், தமிழ் தெரிந்த ஒரே மாணவரை மற்ற ஏழு பேருக்கும் மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடுவோம். அவர் வாய் ஓயாது, ஆனால் யோசிக்க நேரம் கிடைக்காது. வாரம் ஒரு நாளாவது மொழிபெயர்ப்பை நீங்கள் பாருங்கள், முடிவை அவர் சொல்லட்டும்.

சக ரெஜிஸ்ட்ரார் ஒருவரை ஒரு தடவை பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் நீங்கள் எவ்வளவு பேசினீர்கள் என்று மட்டும் அவர் குறிக்கட்டும். என் முதல் கணக்கு ஒன்பது நிமிடம்.