கைத்தொழில் தெரிந்தவர் கூலி வாங்காமல் வேலை செய்யலாமா?

கேள்வி: நான் பல ஆண்டுகளாக எலெக்ட்ரீஷியனாகத் தொழில் செய்து வருகிறேன். உதவிக்கு ஓர் இளைஞர் இருக்கிறார். வேலைக்குக் குறைவில்லை, ஆனாலும் கையில் சேமிப்பு நிற்பதில்லை. யோசித்துப் பார்த்தால், மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் உறவினர், நண்பர் வீடுகளில் கூலி வாங்காமலே கழிந்துவிடுகின்றன. இப்போது என் மைத்துனர் தம் புதிய அலுவலகத்துக்கு வயரிங் செய்து தரச் சொல்லி, "நமக்குள் என்ன கணக்கு" என்கிறார். காண்ட்ராக்டர் ஒருவர், முதல் வீட்டைச் சாம்பிளாகச் செய்து காட்டினால் அடுத்தடுத்து வேலை தருவதாகச் சொல்கிறார். முதியோர் இல்லம் ஒன்றும் உதவி கேட்டிருக்கிறது. தொழில் தெரிந்தவர் இலவசமாக வேலை செய்யலாமா, கூடாதா?

பதில்: செய்யலாம். ஆனால் அது நீங்களாக முன்கூட்டியே முடிவு செய்து, அளவு வைத்துக் கொடுக்கும் கொடையாக இருக்க வேண்டும். கேட்டவரிடம் மறுக்க முடியாமல் கொடுத்ததாக இருக்கக் கூடாது. உங்களிடம் கேட்டிருக்கும் மூவரில் ஒருவருக்கு மட்டுமே இலவச வேலை பொருந்தும் என்பது என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதத்துக்கு 22 வேலை நாட்கள் என்றும், ஒரு நாள் வருமானம் 100 பங்கு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வண்டித் தவணை, கருவிகளின் தேய்மானம், காப்பீடு, உதவியாளர் கூலி ஆகியவற்றுக்கு 40 பங்கும், வீட்டுச் செலவுக்கு 50 பங்கும் போனால், சேமிப்புக்கு நிற்பது 10 பங்கு. எல்லா நாட்களும் கூலி வந்தால் மாதச் சேமிப்பு 220 பங்கு. இரண்டு நாட்களை இலவசமாகக் கொடுத்தால் 200 பங்கு வருமானம் குறைகிறது, ஆனால் செலவு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. வண்டித் தவணையோ வீட்டு வாடகையோ நீங்கள் யாருக்கு வேலை செய்தீர்கள் என்று கேட்பதில்லை. மூன்றாவது நாளையும் கொடுத்தால் கடன் வாங்கித்தான் மாதத்தை ஓட்ட வேண்டியிருக்கும். வேலை இல்லாத நாளில் செய்து கொடுத்தால் இழப்பு இவ்வளவு இராது என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இலவசமாகக் கொடுக்கும் ஒவ்வொரு நாளும், கூலி தரக் காத்திருக்கும் ஒருவரின் நாளாகவே இருக்கிறது. உங்கள் கையில் சேமிப்பு நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கணக்கில் சிக்காத செலவு ஒன்றும் உண்டு. உங்கள் தொழிலில் அது மற்றத் தொழில்களைவிட அதிகம். உறவினர் வீட்டில் ஒரு சுவிட்சை மாற்றித் தரச் சொல்கிறார்கள், அரை மணி நேர வேலை என்று போகிறீர்கள். பெட்டியைத் திறந்தால் பழைய ஒயரின் இன்சுலேஷன் கை பட்டதும் பொடிந்து உதிர்கிறது. எர்த் ஒயர் எங்கும் இணைக்கப்படாமல் சுருட்டி உள்ளே திணிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு மூடிவிட்டு வர உங்கள் மனம் இடம் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. அரை மணி நேரம் அரை நாளாகிவிடும். பின்னர் அந்த வீட்டில் எங்கு மின்கசிவு ஏற்பட்டாலும், கடைசியாகக் கை வைத்தவர் என்று உங்களைத்தான் கேட்பார்கள். கூலி வாங்கவில்லை என்பதற்காகப் பொறுப்பு குறைவதில்லை. ஆகவே உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம், கூலி பெறாமல் செய்யும் வேலைக்கும் பாதுகாப்பு உண்டா என்று எழுத்து மூலம் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், யாராக இருந்தாலும் உடனே மின்சாரத்தைத் துண்டித்துப் பாதுகாப்பாக்கிக் கொடுங்கள். அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். பழுது நீக்குவது வேறு வேலை, அதற்குக் கூலி உண்டு.

இனி மூவரையும் தனித்தனியே பார்ப்போம். மைத்துனரின் அலுவலகம் வருமானம் ஈட்டப் போகும் இடம். அங்கே மேசைக்கும் நாற்காலிக்கும் வாடகைக்கும் அவர் பணம் கொடுப்பார். வயரிங் மட்டும் எப்படி இலவசமாகும்? அவருக்கு நீங்கள் உதவ விரும்பினால் முழுக் கூலிக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்து, பாதியை அவர் தொழில் தொடங்கிய பிறகு தவணையாகத் தரச் சொல்லுங்கள். "உறவு என்பதால்தான் தவணை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூலியைப் பெயரளவுக்குக் குறைத்து வாங்காதீர்கள். ஜேம்ஸ் ஹேமன், டான் ஏரியலி ஆகியோர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், சிறு தொகை பெற்றவர்கள், ஒன்றும் பெறாமல் உதவியாகச் செய்தவர்களைவிடக் குறைவாகவே உழைத்தார்கள். அரைக்கூலி வேலையில் உங்களுக்கு மனம் ஒட்டாது. அவரோ அதுவே உங்கள் கூலி என்று எண்ணிப் பிறரிடமும் சொல்வார். உறவுக்குள் மனக்கசப்பு வரும் வேலைகளில் பெரும்பாலானவை முழு இலவசமும் இல்லாத, முழுக் கூலியும் இல்லாத வேலைகள்தாம்.

காண்ட்ராக்டரிடம் தயங்காமல் மறுத்துவிடுங்கள். அந்த வீட்டை அவர் விற்கும்போது வயரிங்குக்கும் சேர்த்தே விலை வாங்குவார். உங்கள் உழைப்பு அவருடைய லாபமாகிறது. உங்கள் திறமையைப் பார்க்க வேண்டுமானால் ஏற்கெனவே முடித்த வீட்டுக்கு அழைத்துச் சென்று டிபி பெட்டியை, அதாவது வீட்டுக்குள் வரும் மின்சாரத்தைப் பல இணைப்புகளாகப் பிரிக்கும் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்; ஒயர்கள் நிறவாரியாகப் பிரித்துக் கட்டப்பட்டிருப்பதையும் மின்சாரம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் ஒவ்வொரு எம்சிபி சுவிட்சுக்கும் பெயர் எழுதப்பட்டிருப்பதையும் பார்த்தாலே, தொழில் தெரிந்தவருக்கு உங்கள் கைத்திறன் விளங்கும். அடுத்த வேலை உறுதி என்றால் அதை ஒப்பந்தத்தில் எழுதி அட்வான்ஸ் தரட்டும். வாய்மொழியாக நம்பிக்கை மட்டும் கொடுப்பவர் இரண்டாவது வீட்டுக்கு வேறொருவரைச் சாம்பிள் கேட்பார் என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

முதியோர் இல்லத்துக்குச் செய்யுங்கள், மனமாரச் செய்யுங்கள். ஆனால் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் வழக்கறிஞர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் இலவச சட்ட உதவியை இலக்காக வைத்திருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு இப்போது தாங்காது. உங்கள் நாளில் ஐந்து மணி நேரம்தான் உண்மையில் கூலிக்கு உரியது என்று வைத்துக்கொள்வோம். மீதி பயணத்திலும் பொருள் வாங்குவதிலும் எஸ்டிமேட் போடுவதிலும் போகிறது. விடுமுறையும் உடல்நலக் குறைவும் போக 46 வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு 1,150 மணி நேரம். அதில் இரண்டு சதவீதம் 23 மணி நேரம், இதிலிருந்து தொடங்கலாம். உறவினர் வீட்டுச் சில்லறை வேலைகளும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். நேரம் தீர்ந்த பின் கேட்பவரிடம், அடுத்த ஆண்டுக்குக் குறித்து வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம்.

இல்லத்துக்கும் பில் எழுதுங்கள். முழுக் கூலியையும் குறிப்பிட்டு, அதன் கீழே முழுத் தள்ளுபடியைக் காட்டுங்கள். பொருட்களின் விலையை மட்டும் அவர்கள் தரட்டும். உங்கள் உழைப்பின் மதிப்பு என்ன என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும், ஆண்டு முடிவில் உங்களுக்கும் தெரிய வேண்டும். வரிச்சலுகை கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்க வருமான வரி விதிகளில்கூட, அறநிறுவனத்துக்குக் கொடுத்த நேரத்தின் மதிப்பைக் கழித்துக்கொள்ள முடியாது. கையிலிருந்து செய்த செலவுக்கு மட்டுமே வழி உண்டு. உங்கள் நாட்டு விதியை உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இல்லத்து வேலைக்கு அந்த இளைஞரை அழைத்துச் சென்றால், அன்றைய கூலியை உங்கள் பணத்திலிருந்து அவருக்கு முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். கொடை உங்களுடையது, அவருடைய ஒரு நாள் உழைப்பை அவரைக் கேட்காமல் தானம் செய்ய உங்களுக்கு உரிமையில்லை. அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் உங்கள் 23 மணி நேரத்தின் செலவைக் கணக்கிட வேண்டும். அது கட்டுப்படியாகாது என்று தெரிந்தால் மணி நேரத்தைக் குறையுங்கள், அவர் கூலியைக் குறைக்காதீர்கள்.