பழைய பில் சாக்கை எடைக்குப் போடலாமா?

கேள்வி: திண்டுக்கல்லில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். வருட விற்பனை சுமார் 70 லட்சம் ரூபாய். ஜிஎஸ்டி பதிவு உண்டு. வருமான வரிக்கு உத்தேச வருமானத் திட்டத்தில் கணக்குக் காட்டுவதால் நோட்டு, பில் எதுவும் வைக்க வேண்டாம் என்கிறார் நண்பர். பழைய பில்கள் சாக்கில் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம் என்று லாபம் காட்டிவிட்டால், வருமான வரித்துறை உங்களிடம் கணக்குப் புத்தகம் கேட்பதில்லை. ஆனால் ஜிஎஸ்டி சட்டம் தனி. கொள்முதல், விற்பனை, சரக்கு இருப்பு, கட்டிய வரி, எடுத்த வரி வரவு (கொள்முதலில் கொடுத்த வரியை நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) என எல்லாவற்றுக்கும் அங்கே பதிவு வேண்டும்.

எவ்வளவு காலம்? அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள். 2024-25 கணக்குக்குக் கெடு 2025 டிசம்பர் 31. ஆக, அந்த வருடப் பில்கள் 2031 டிசம்பர் 31 வரை கையில் இருக்க வேண்டும். அப்பீலோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஒரு வருடம் வரை அல்லது இந்த 72 மாதங்கள் வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை.

கொள்முதல் பில்தான் உயிர். ஜிஎஸ்டிஆர்-2பியில் (சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் காட்டும் வரவுப் பட்டியல்) தெரிகிறதே என்று பலர் அசட்டையாக இருக்கிறார்கள். அதில் வந்தால் மட்டும் போதாது, பில்லும் வேண்டும். சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். அதனால் பணம் கொடுத்த அன்றே பில்லின் மூலையில் தேதியையும் செக் எண்ணையோ யுபிஐ எண்ணையோ பேனாவால் எழுதிவிடுங்கள். டிரான்ஸ்போர்ட் ரசீது, பெட்ரோல் ரசீது மாதிரி வெப்பத்தாளில் வருபவை சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். அவற்றை அன்றே போட்டோ எடுத்து மாதவாரியாக ஒரு ஃபோல்டரில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் பத்திரம் என்று நினைக்காதீர்கள், போன் மாற்றும்போது போய்விடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. கடை க்யூஆர் உங்கள் வீட்டு சேமிப்புக் கணக்கில் இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். மச்சினர் திருப்பித் தந்த 50,000 ரூபாயும் ஃபேன் விற்ற பணமும் ஒரே கணக்கில் விழுந்தால், நாளைக்கு எது விற்பனை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2025-ல் கர்நாடகாவில் யுபிஐ வரவை வைத்தே சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது. தனியாக ஒரு கரண்ட் அக்கவுண்ட், கல்லாவை மூடும்போது அன்றைய ரொக்கத்தை எழுத ஒரு நாள்வழி நோட்டு, மார்ச் 31 அன்று சரக்கு எண்ணிய பட்டியல். உங்கள் அளவுக் கடைக்கு இவ்வளவு போதும். பெரிய சாஃப்ட்வேர் வாங்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள்.

சாக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்து வருடவாரியாகக் கட்டுங்கள். 72 மாதக் கெடு தாண்டிய கட்டு எது என்று ஆடிட்டரிடம் கேட்டு, அதை மட்டும் எடைக்குப் போடுங்கள்.