தந்திய பாத்து கமெண்ட்ரி: ஒரு கடிதம்

அண்ணே வணக்கம். ஆஸ்திரேலியா ரேடியோ கிரிக்கெட் கமெண்டேட்டர் ஆலன் மெக்கில்வ்ரே வாழ்க்கைய பத்தி போன வாரம் எழுதியிருந்தீங்க. 1938ல இங்கிலாந்துல நடந்த மேட்ச்ச சிட்னி ஸ்டூடியோல உக்காந்து, அங்கருந்து வந்த தந்திய பாத்தே சொன்னாங்கன்னு படிச்சதும் சப்புன்னு ஆயிருச்சு. பாக்காதத பாத்த மாதிரி சொல்றது ஏமாத்து வேலை தானே? அதப்போயி இம்புட்டு சிலாகிக்கணுமா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

தம்பி,

கேக்குறவனுக்கு தெரியாம செஞ்சா தான ஏமாத்து? ஆஸ்திரேலியாவோட ஏபிசி ரேடியோ அத ஒளிச்சு வைக்கல, ஸ்டூடியோல இருந்து தான் சொல்றோம்னு ஜனங்களுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் விடிய விடிய முழிச்சிருந்து கேட்டாங்க, ஏன்னா இங்கிலாந்துல காலைல பதினொன்றரைக்கு ஆட்டம் ஆரம்பிச்சா சிட்னில ராத்திரி எட்டரை, முடியிறப்ப விடியக்காலம் மூணரை.

வேலை எப்படி நடக்கும்னா, ஒவ்வொரு ஓவருக்கும் சுருக்கமா ஒரு தந்தி வரும், அத ஒருத்தர் பிரிச்சு எழுதி குடுப்பாரு, மைக்ல இருக்குறவரு அத வச்சு பந்து பந்தா சொல்லணும், பேட்ல பந்து படுற சத்தத்துக்கு பென்சிலால மரக்கட்டைல ஒரு தட்டு, கைதட்டலுக்கு கிராமபோன் ரெக்கார்டு. அடுத்த தந்தி வர லேட்டாச்சுன்னா வாய மூடிட்டு உக்கார முடியாது, எதையாச்சும் பேசி ஓட்டணும். அந்த சீரிஸ்ல தான் லண்டன் ஓவல் மைதானத்துல இங்கிலாந்து பேட்ஸ்மேன் லென் ஹட்டன் 13 மணி நேரத்துக்கு மேல நின்னு 364 அடிச்சாரு, இங்கிலாந்து 903 ரன்னு. இத யோசிச்சாலே எனக்கு தொண்டை வறண்டு போகுது.

நீங்க தேவகோட்டக்காரரு, மாட்டுவண்டி பந்தயம் பாக்காமயா இருப்பீங்க? பெரிய மாடு, நடுமாடுன்னு அவுத்து விட்டதும் வண்டி ரோட்டுல மறைஞ்சிரும், போக வர 6 மைலு, 8 மைலு. மைக் புடிக்கிறவரு கெளம்புன எடத்துலயே தான் நிக்கிறாரு. பின்னாடியே பைக்ல போற பசங்க போன் போட்டு, எல்லைல மொத திரும்புனது இந்த ஊரு வண்டின்னு ஒரு வரி சொல்லுவாங்க, அவரு அத வாங்கி சாரதி பேரு, மாட்டுக்காரரு ஊரு, போன வருசம் யாரு ஜெயிச்சதுன்னு கோத்து நம்ம கண்ணு முன்னாடி ஓட விட்டுருவாரு. அவர யாரும் ஏமாத்துக்காரருன்னு சொல்றதில்லயே! பந்தயக் கமிட்டில சால்வையே போடுறாங்க.

ஆனா ஒரு எல்லை இருக்கு, அத ஒத்துக்குறேன். கைதட்டல சேத்துக்கலாம், வானம் மப்பா இருக்குன்னு கூட சொல்லிக்கலாம், ஸ்கோர்ல கை வைக்கக் கூடாது, நாலாவதா வர்ற வண்டிய ரெண்டாவதுன்னு சொல்லக் கூடாது. மெக்கில்வ்ரே நியூ சவுத் வேல்ஸ் மாநில டீமுக்கு கேப்டனா இருந்த ஆளு, அதனால தந்தில இல்லாத ஃபீல்டிங் இப்படித் தான் நின்னுருக்கும்னு அவரால ஊகிக்க முடிஞ்சது. இப்ப டிவில நேர்ல பாத்துக்கிட்டே பேசுறவங்க பாதிப் பேரு ஆட்டத்த விட்டுட்டு விளம்பரம் படிக்கிறாங்க, யாரு ஏமாத்துறதுன்னு நீங்களே சொல்லுங்க.

எனக்கு அவரு கதைல ரொம்பப் புடிச்சது வேற எடம். 1960 டிசம்பர், பிரிஸ்பேன், வெஸ்ட் இண்டீஸ் மேட்ச். கடைசி நாள், ஜெயிக்க 233 வேணும், டீ இடைவேளைல ஆஸ்திரேலியா 109க்கு 6 விக்கெட்டு. மனுசன் பழைய ஆட்டக்காரர் கீத் மில்லரோட சேந்து சிட்னிக்கு பிளேன் புடிக்க சீக்கிரமே கெளம்பிட்டாரு. டேவிட்சனும் பெனோவும் நின்னு 134 ரன் சேத்து, கடைசில 232ல ஆல் அவுட், ரெண்டு டீமும் சமம், டெஸ்ட் சரித்திரத்துலயே மொத டை. எறங்குனப்பறம் தான் சேதியே தெரியும். பூமிக்கு அந்தப் பக்கம் நடந்த ஆட்டத்த தந்தில புடிச்சவரு, கண்ணு முன்னாடி நடந்தத விட்டுட்டாரு. அந்த வருத்தத்த அவரு ஒளிக்காம வெளிய சொன்னவரு, அதனால தான் அந்த மனுசன நான் நம்புறேன்.

மைக் புடிக்கிறவங்க சுயசரிதைல பாதி எந்த ஹோட்டல், எந்த கேப்டனோட சாப்பாடுங்கறதுலயே போயிரும். நம்ம பக்கம் பந்தயத்துக்கும் மஞ்சுவிரட்டுக்கும் மைக் புடிச்ச பெரியவங்க கதைய அந்த அளவுக்கு கூட யாரும் எழுதல. உங்க ஊருல அப்படி யாராச்சும் இருந்தா போன்லயே ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க தம்பி, டைப் பண்றத நான் பாத்துக்கிறேன்.