கேம் டெஸ்டர் வேலைக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: பி.எஸ்ஸி. கணினி அறிவியல் முடித்துவிட்டு வேளச்சேரியில் இருக்கிறேன். தினமும் நாலைந்து மணி நேரம் மொபைலில் கேம் ஆடுவேன். கேம் டெஸ்டர் ஆக என்ன கற்க வேண்டும்? கோடிங் அவசியமா? வேலை உத்தரவாதம் என்று சொல்லி ஓர் இடத்தில் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரமானது. கட்டாதீர்கள். வேலை தரும் நிறுவனம் டெஸ்டரிடம் பணம் வாங்காது. ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

நாலைந்து மணி நேரம் ஆடும் பொறுமை உதவும். ஆனால் டெஸ்டர் தனக்குப் பிடித்த கேமை ஆடுவதில்லை. ஒரே அறையின் சுவரை ஒவ்வொரு கதாபாத்திரத்தோடும் உரசி நடந்து, குதித்து, உருண்டு, எங்காவது சுவருக்குள் நுழைய முடிகிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பார். நுழைந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அதே பிழையை இன்னோர் ஊரில் இருக்கும் புரோகிராமர் தன் மேசையில் வரவழைக்கும்படி எழுதித் தருவது மீதிப் பாதி. நேர்காணலில் பார்ப்பதும் அதைத்தான்.

'கதவுகிட்ட கேம் மாட்டிக்குது' என்று எழுதினால் யாராலும் சரிசெய்ய முடியாது. இப்படி எழுத வேண்டும்: 'நிலை 3: ஏணியில் நின்றபடி கிடங்குக் கதவைத் திறந்தால் கதாபாத்திரம் கதவுக்குள் சிக்குகிறது.' இது தலைப்பு. அதன் கீழே பில்ட் எண் (கேமின் எந்தப் பதிப்பு என்று காட்டும் எண்), போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, ராம் அளவு. பிறகு கேமைத் திறப்பதிலிருந்து ஒவ்வொரு படியும் தனித்தனி வரியில். என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என இரண்டு வரி. '10 முறையில் 7 முறை வந்தது' என்ற கணக்கு. 'சில சமயம் வருது' என்பது தகவலே இல்லை. கடைசியாக ஒரு வரி: 'தரையில் நின்று திறந்தால் 10 முறையும் வரவில்லை.' புதியவர்கள் விட்டுவிடும் இந்த வரிதான் காரணம் கதவில் இல்லை, ஏணி ஏறும் அசைவில் இருக்கிறது என்று புரோகிராமருக்குக் காட்டிக்கொடுக்கும்.

வீடியோவும் லாகும் (நடப்பதைப் போன் தானே வரிவரியாக எழுதிவைக்கும் பதிவு) இணையுங்கள். போன் செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' மீது 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியில் ஏடிபி என்ற ஆண்ட்ராய்டு கருவியின் லாக்கேட் கட்டளையால் அந்தப் பதிவை எடுக்கலாம். கேம் திடீரென மூடிக்கொண்ட, அதாவது கிராஷ் ஆன நேரத்தை நொடி வரை குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் பல்லாயிரம் வரிகளில் தேட வேண்டியிருக்கும்.

ஓர் அறிக்கையில் ஒரு பிழைதான். இரண்டைச் சேர்த்து எழுதினால் ஒன்றைச் சரிசெய்ததும் அறிக்கையை மூடிவிடுவார்கள், மற்றது தொலைந்துபோகும். சிவியாரிட்டி (பாதிப்பு எவ்வளவு கடுமை), பிரையாரிட்டி (திருத்துவது எவ்வளவு அவசரம்) இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். யாரும் போகாத மெனுவில் வரும் கிராஷ் கடுமையானது, ஆனால் காத்திருக்கலாம். முதல் திரையில் கேமின் பெயரே எழுத்துப்பிழையோடு இருந்தால் பாதிப்பு சிறிது, ஆனால் இன்றே திருத்த வேண்டும்.

பயிற்சிக்கு இட்ச்.ஐஓ தளத்துக்குப் போங்கள். தனிநபர்கள் அரைகுறையாக முடித்த கேம்களைப் போட்டுக் குறை சொல்லக் கேட்கிறார்கள். ஆட்டத்தின் நடுவே போன் கால் வரவழையுங்கள், சார்ஜரைச் சொருகுங்கள், சேவ் ஆகும் நொடியில் கேமை மூடுங்கள். ஆன்லைன் கேம் என்றால் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் ஆடிப் பாருங்கள். டவர் மாறும் இடங்களில் இணைப்பு அறுந்து மீள்வதில் நிறையப் பிழைகள் வெளிவரும். சூட்டையும் மறக்காதீர்கள். நொடிக்கு 60 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படம்) என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. போன் சூடானால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பிரேம் சரியும். ஏசி அறையில் வராத இந்தத் தடுமாற்றம் சென்னையின் மே மாத மதியத்தில், 30 நிமிடம் தொடர்ந்து ஆடினால் வரலாம். அறை வெப்பநிலையையும் அறிக்கையில் குறியுங்கள். பழைய 2 ஜிபி, 3 ஜிபி ராம் போன் ஒன்று ரிச்சி தெருவில் கிடைத்தால் வாங்கிவையுங்கள். புதுப் போனில் சிக்கலில்லாமல் ஓடும் கேம் அதில் அடிக்கடி கிராஷ் ஆகும்.

தமிழ் தெரிந்தவர் என்பதும் ஒரு தகுதிதான். கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில், எழுத்தைத் திரையில் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் தமிழை அப்படியே கொடுத்தால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். நான்கு ஆங்கில எழுத்துக்கு அளந்த பட்டனில் 'வெளியேறு' அடங்காமல் வெட்டுப்படும். தமிழ் படிக்கத் தெரியாத டெஸ்டருக்கு இவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். இத்தகைய வேலை 'லோக்கலைசேஷன் (மொழியாக்க) டெஸ்டர்' என்ற பெயரில் வரும்.

கோடிங் தொடக்கத்தில் அவசியமில்லை. லாக் படிக்கவும், பிழைகளைப் பதிந்து பின்தொடரும் ஜிரா மென்பொருளில் பிழை பதியவும், தரவுத்தளத்தில் தேடும் மொழியான எஸ்க்யூஎல் கொஞ்சமும் தெரிந்தால் போதும். நிரல் எழுதிச் சோதனையைத் தானாக ஓட வைக்கும் ஆட்டோமேஷனுக்குப் போகும்போது பைத்தான் கற்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மென்பொருள் டெஸ்டர்களுக்குச் சான்றளிக்கும் சர்வதேச அமைப்பான ஐ.எஸ்.டி.க்யூ.பி.யின் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதுங்கள்: 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுபவருக்கு 75 நிமிடம். கேம் டெஸ்டிங்குக்கென்றே அவர்களிடம் தனிச் சான்றிதழும் உண்டு. வேலை கிடைத்தபின் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய ஸ்டுடியோக்களான ராக்ஸ்டார் பெங்களூரிலும், யுபிசாஃப்ட் புனேயிலும், ஈஏ ஹைதராபாத்திலும் இருக்கின்றன. ஊரை விட்டுப் போக முடியாவிட்டால், சென்னை ஓஎம்ஆர் சாலையிலுள்ள ஐ.டி. நிறுவனங்களில் மொபைல் ஆப் டெஸ்டராகச் சேர்ந்து பிறகு கேமுக்கு மாறுவதே எங்கள் பரிந்துரை. அறிக்கை எழுதும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். ஜெயித்தால் பணம் கிடைக்கும் என்று பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களில் வேலை கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றைத் தடைசெய்கிறது.

விண்ணப்பத்தோடு உங்கள் சிறந்த 10, 15 அறிக்கைகளை இணையுங்கள். எல்லாம் வெளியில் கிடைக்கும் கேம்களிலிருந்து மட்டும் இருக்கட்டும். வேலையில் சேர்ந்ததும் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதன்பின் வெளிவராத கேமின் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலும் வேலை போய்விடும்.