டெட்ரிஸுக்குக் கதையில் எத்தனை மதிப்பெண்?

வணக்கம் சார். உங்கள் கேம் விமர்சனங்களை விடாமல் படிக்கிறேன். சண்டை கேம், புதிர், கார் பந்தயம், ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் கதை கேம்) என எல்லாம் எழுதுகிறீர்கள். ஆனால் ஒன்றில் கன்ட்ரோல் பற்றி நான்கு பத்தி இருக்கிறது, இன்னொன்றில் ஒரு வரிகூட இல்லை. கிராபிக்ஸ், ஒலி, கன்ட்ரோல், கதை என்று தலைப்புக்குப் பத்து மதிப்பெண் வைத்துக் கூட்டிச் சொன்னால், எதை வாங்குவது என்று முடிவெடுக்கச் சுலபமாக இருக்குமே?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த அட்டவணையை நானும் தொடக்கத்தில் போட்டுப் பார்த்தேன். டெட்ரிஸுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. 1984-இல் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய அந்த கேமில் கதையே கிடையாது. அதற்காகப் பூஜ்யம் போட்டால், எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த புதிர் கேம் சுமார் ரகத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

சரி, எல்லா கேமுக்கும் பொதுவான கன்ட்ரோலையே எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்த 'செலஸ்ட்'டில் மாடலின் என்ற பெண் மலை ஏறுகிறாள். பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும், ஒரு சில பிரேமுக்குள் (திரையில் ஒரு படம் மாறும் நேரம்தான் ஒரு பிரேம்) பட்டனை அழுத்திவிட்டால் தாவிவிடுவாள். ஆடுபவருக்கு இந்தச் சலுகை தெரியாது, சரியான நேரத்தில் அழுத்தியதாகவே கட்டைவிரல் நம்பும். கீழே விழுந்தால் தப்பு நம்முடையதுதான் என்று மனம் ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் ஒரே இடத்தில் நாற்பது முறை செத்தாலும் கன்ட்ரோலரை வைக்க மனம் வருவதில்லை.

இதற்கு நேர் எதிர், 1996-இன் முதல் 'ரெசிடென்ட் ஈவில்'. திரும்ப வேண்டுமென்றால் நின்ற இடத்திலேயே மெல்லச் சுழல வேண்டும். ஓடிக்கொண்டே சுட முடியாது. கேமரா சுவர் மூலையில் அசையாமல் நிற்கும். சேவ் செய்யத் தட்டச்சுப்பொறிக்கு மை நாடா வேண்டும், அதுவும் எண்ணித்தான் கிடைக்கும். என் பழைய அட்டவணைப்படி கன்ட்ரோலுக்கு நான்கு மதிப்பெண் தேறியிருக்காது. ஆனால் ஜாம்பி இரண்டடி தூரத்தில் வரும்போது நகராமல் நின்று குறிபார்க்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கேமின் பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. அதைச் சரளமாக்கினால் வேறு கேம் ஆகிவிடும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது, இந்த கேம் ஆடுபவரிடம் எதைக் கேட்கிறது என்பதை. சண்டை கேம் நேரத்தைக் கேட்கிறது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'இல் வினாடிக்கு 60 பிரேம். வேகமான குத்து 4 பிரேமில், அதாவது வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கில் வந்து விழுகிறது. ஆன்லைனில் பல நாள் அடி வாங்காமல் அதைப் பற்றி எழுத எனக்குத் துணிச்சல் கிடையாது. பந்தய கேமில், வளைவில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை கைக்குத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

ஆர்பிஜி கேட்பது பொறுமை. 'பெர்சோனா 5' போன்றவை நூறு மணி நேரத்தைச் சாதாரணமாக விழுங்கும். முன்பு ஒரு நீண்ட ஆர்பிஜியைப் பன்னிரண்டு மணி நேரம் மட்டும் ஆடிவிட்டு ஆகா ஓகோ என்று எழுதினேன். பிற்பாதியில் ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போட வைத்தார்கள். என்னை நம்பி வாங்கிய ஒருவர் வருத்தப்பட்டு எழுதினார். அவர் வருத்தம் நியாயமானது. அன்றிலிருந்து எத்தனை மணி நேரம் ஆடினேன், முடித்தேனா இல்லையா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. எந்த வகை கேமானாலும் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன: பிரேம் வேகம் நிலையாக இருக்கிறதா, சோபாவில் உட்கார்ந்தபடி எழுத்தைப் படிக்க முடிகிறதா, பட்டன்களை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாமா, நினைத்த இடத்தில் சேவ் செய்யலாமா. இவற்றை நான் சில விமர்சனங்களில் எழுதி, சிலவற்றில் விட்டிருக்கிறேன். அடுத்ததிலிருந்து, மதிப்பெண் இல்லாமல், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் தருகிறேன்.