கேசட் கடைக்காரர் பதில்கள்

சென்ற இதழில் 'பேசிக் இன்ஸ்டிங்ட்' என்ற ஆங்கிலக் கொலைத் திரில்லரின் 4கே டிஸ்க் (சாதாரண புளூரேயைவிடத் துல்லியம் கூடியது) பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி படத்தைத் திட்டுகின்றன, பாதி டிஸ்க்கைத் திட்டுகின்றன, ஒன்றிரண்டு என்னையும். சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. பெரியவர்களுக்கான படம், அதனால் பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

"4கே என்று நம்பி வாங்கினேன். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நெளிகிறது. இதைவிட எங்கள் வீட்டு டிவியில் சீரியல் பளிச்சென்று தெரிகிறது. இது ஏமாற்று வேலை இல்லையா?"
*– கோவை வாசகர்*

இல்லை அண்ணே. அந்தப் புள்ளிதான் படம். 1992-இல் வந்த இந்தப் படம் 35 மி.மீ. பிலிமில் எடுத்தது. பிலிமில் உருவம் பதிவதே துகள் துகளாகத்தான். 2021-இல் மூல நெகட்டிவை 4கே-யில் ஸ்கேன் செய்து, இயக்குநர் பால் வெர்ஹோவன் மேற்பார்வையில் புதுப்பித்தார்கள். அவர் நினைத்திருந்தால் கம்ப்யூட்டரை வைத்துத் துகளை வழித்து எடுத்திருக்கலாம். துகளோடு முகத்தின் ரேகை, கோட்டுத் துணியின் நெசவு எல்லாம் போய், போலீஸ் துப்பறிவாளராக வரும் நாயகன் மைக்கேல் டக்ளஸ் மெழுகு பொம்மையாக நின்றிருப்பார்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டிவி செட்டிங்கில் போய் 'விவிட்' என்று இருப்பதை 'சினிமா' அல்லது 'பிலிம்மேக்கர்' என்று மாற்றுங்கள். ஷார்ப்னஸை அடியோடு குறையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், அதை அணைத்துவிடுங்கள். கடைக்காரன் ஷோரூமில் எல்லாவற்றையும் ஏற்றிவைத்துத்தான் விற்கிறான். வீட்டுக்கு வந்தும் யாரும் இறக்குவதில்லை.

அப்புறம் அந்த விசாரணை அறைக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். வெளிறிய நீல வெளிச்சம், நடுவில் தனி நாற்காலியில், கொலைச் சந்தேகத்துக்கு ஆளான காத்தரின் என்ற எழுத்தாளராக, வெள்ளை உடையில் ஷரோன் ஸ்டோன், எதிரே வரிசையாக ஆண்கள். இங்கே புகைக்கக் கூடாது என்கிறார்கள், அவர் பற்றவைக்கிறார். அந்தப் புகை பழைய டிவிடியில் ஒரு சாம்பல் திட்டு. இதில் இழை இழையாகப் பிரிந்து வெளிச்சத்துக்குள் ஏறுகிறது. ஒளிப்பதிவு யான் டி பாண்ட். இரண்டு வருடம் கழித்து 'ஸ்பீட்' படத்தை இயக்கியவர் இவரே.

"'அன்ரேட்டட்' (தணிக்கை முத்திரை வாங்காதது) என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். உட்கார்ந்து பார்த்தால் புதிதாக ஒன்றையும் காணோமே?"
*– ஈரோடு வாசகர்*

காண முடியாது. அமெரிக்கத் தியேட்டரில் ஓடியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதிலும் நீங்கள் தேடிய சமாச்சாரம் பாதிதான். முதல் காட்சிக் கொலையில் ஐஸ் உடைக்கும் குத்தூசி இறங்குவதைத்தான் கூடுதலாகக் காட்டுகிறார்கள். நீங்கள் கேட்டது ஒன்று, கிடைத்தது ரத்தம்!

கதை இதுதான். 1990-இல் அமெரிக்கத் தணிக்கைக்காரர்கள் பெரியவர்களுக்கு மட்டும் என்ற பழைய 'எக்ஸ்' முத்திரையை எடுத்துவிட்டு, அதே அர்த்தத்தில் 'என்சி-17' கொண்டுவந்தார்கள். பெயர் மாறியதே தவிர பயம் போகவில்லை. பல தியேட்டர்கள் அந்த முத்திரையுள்ள படத்தைப் போட மறுத்தன, பல பத்திரிகைகள் விளம்பரம் வாங்க மறுத்தன. பிளாக்பஸ்டர் என்ற பெரிய வாடகைச் சங்கிலி கேசட்டையே அடுக்க மாட்டேன் என்றது. ஆகவே அதற்கு ஒரு படி கீழே உள்ள 'ஆர்' முத்திரை (பெரியவர் துணையோடு சிறுவரும் பார்க்கலாம்) வாங்குவதற்காக வெர்ஹோவன் சில ஷாட்டுகளை வெட்டினார், சிலவற்றுக்கு அதே காட்சியின் வேறு கோணத்தை வைத்தார். ஐரோப்பாவில் முழுசாகவே ஓடியது. அந்த முழுப் பதிப்புதான் பிறகு அமெரிக்க வீடியோவில் 'அன்ரேட்டட்' என்று வந்தது. விசாரணை அறையில் ஷரோன் ஸ்டோன் கால் மாற்றிப் போடும், உலகமே வாயில் போட்டு மென்ற அந்த ஷாட் இருக்கிறதே, அது தியேட்டர் பதிப்பிலேயே இருந்தது. அதைத் தணிக்கை வெட்டவே இல்லை.

எங்கள் தொழிலில் 'அன்ரேட்டட்' என்ற ஸ்டிக்கர் ஒட்டினால் வாடகைக்குப் போகும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

"என்னிடம் உள்ள ஐரோப்பிய டிவிடி 123 நிமிடம். புது டிஸ்க் 128. பழையதில் ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று என் நண்பன் சத்தியம் செய்கிறான்."
*– புதுச்சேரி வாசகர்*

நண்பரிடம் பந்தயம் கட்டுங்கள், ஜெயிப்பீர்கள். சினிமா வினாடிக்கு 24 படம். ஐரோப்பாவின் 'பால்' (PAL) முறை டிவி வினாடிக்கு 25. அந்தக் காலத்தில் மாற்றும்போது 24-ஐ அப்படியே 25 வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். 128 நிமிடத்தை 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 123 வரும். ஒரு ஷாட்டும் குறையவில்லை, எல்லோரும் கொஞ்சம் அவசரமாக நடக்கிறார்கள். பல டிஸ்க்கில் குரலும் இதனால் அரைச் சுருதி ஏறிவிடும். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசை ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. மெதுவாக ஊர்ந்து வருவதுதான் அதன் மிரட்டலே. அதைச் சரியான வேகத்தில் கேட்பதற்காகவாவது புதியதைப் போட்டுப் பாருங்கள்.

"நேரடியாகவே கேட்கிறேன். 'அந்த' ஷாட் 4கே-யில் கிளியராகத் தெரிகிறதா?"
*– பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்*

எத்தனை வருடமானாலும் இந்தக் கேள்வி மட்டும் பழசாகாது. பாலக்கரையில் கடை வைத்திருந்தபோது ரீவைண்ட் செய்யாமல் கேசட் கொடுத்தால் ஒரு ரூபாய் அபராதம். இந்தக் கேசட்டுக்கு மட்டும் நான் ரூபாய் வாங்குவதற்கு முன்னால் கேசட்டின் கண்ணாடி ஜன்னலில் பார்ப்பேன். இரண்டு பக்கச் சுருளும் எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்தாலே போதும், ஆசாமி எதற்காக வாங்கிப்போனார் என்று தெரிந்துவிடும். 'பாஸ்' போட்டால் டேப்தான் நிற்கும், உள்ளே டேப்பைப் படிக்கும் ஹெட் உருளை சுற்றிக்கொண்டே இருந்து ஒரே இடத்தைத் தேய்க்கும். அதனால்தான் சில நிமிடத்தில் விசிஆர் தானாகவே பாஸை விடுவித்துவிடும். நம் ஆட்கள் மறுபடி அழுத்துவார்கள். கடைசியில் அந்த இடம் வந்தால் வெள்ளைக் கோடுகள் மட்டும்தான் ஓடும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிஸ்க் வந்த அதே 2021-இல் ஷரோன் ஸ்டோன் தன் வாழ்க்கை நினைவுகளை எழுதினார். உள்ளாடையின் வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பியடிக்கிறது, கழற்றிவிடு, ஒன்றும் தெரியாது என்று சொல்லித்தான் எடுத்தார்கள் என்கிறார். ஏஜெண்டுகளும் வக்கீல்களும் நிறைந்த அறையில் முதல் தடவை திரையில் பார்த்ததும் எழுந்துபோய் இயக்குநரை அறைந்ததாகவும், வக்கீலிடம் பேசியபின் யோசித்துப் படத்தில் இருக்கட்டும் என்று விட்டதாகவும் எழுதியிருக்கிறார். வெர்ஹோவன் மறுக்கிறார், ஸ்டோனுக்குத் தெரிந்தே எடுத்தது என்கிறார். சம்மதம் வாங்கினார்களா இல்லையா என்று முப்பது வருடம் கழித்தும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. அந்த ஷாட்டைப் பற்றிக் 'கிளியரா' என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை தம்பி.

"கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறேன். பெண்ணைக் கொலைகாரியாகவும், பெண்ணை விரும்பும் பெண்ணைப் பைத்தியமாகவும் காட்டும் ஒரு படத்துக்கு இத்தனை பாலீஷ் எதற்கு? இதை 'கிளாசிக்' என்று விற்பதே எனக்கு உறுத்துகிறது."
*– மதுரை வாசகி*

உங்கள் உறுத்தல் புதிதல்ல அம்மா, படம் முடிவதற்கு முன்பே தொடங்கியது. 1991-இல் சான் பிரான்சிஸ்கோவில் படப்பிடிப்பு நடந்த இடத்துக்கே ஓரினச்சேர்க்கையாளர் அமைப்புகள் வந்து கத்திக் கலாட்டா செய்தன. இன்னொருமுறை திரையில் தங்களைக் கொலைகாரர்களாக்குகிறார்கள் என்பது அவர்கள் கோபம். படம் வெளிவந்தபோது இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தார்கள். கொலையாளி யார் என்பதையே கோஷமாக்கி ஊரெல்லாம் பரப்பினார்கள். திரில்லருக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா!

நான் என்ன நினைக்கிறேன் என்றால், ஜோ எஸ்டர்ஹாஸ் எழுதிய திரைக்கதை நீங்கள் சொல்கிற குற்றத்திலிருந்து தப்பிக்கவே முடியாது. நாயகன் தன் உளவியல் நிபுணரான பழைய தோழியிடம் நடந்துகொள்ளும் விதம் அன்றைக்கே அருவருப்பு. இன்று பார்த்தால் ரிமோட்டைத் தேடுகிறோம். ஆனால் அந்த விசாரணை அறையில் வியர்ப்பது யாருக்கு? கேள்வி கேட்கும் ஆண்களுக்குத்தான். காட்சியின் கடிவாளம் அவள் கையில். எழுத்தாளர் காமில் பாக்லியா தன்னைப் பெண்ணியவாதி என்றே சொல்லிக்கொள்பவர். காத்தரின் பாத்திரத்தைக் கொண்டாடி, படம் ஓட ஓடக் கூடவே கேட்கும்படி ஒரு முழு நீள விமர்சன உரை பதிவுசெய்திருக்கிறார். அது டிஸ்க்கிலேயே இருக்கிறது. அதைப் போட்டுப் பாருங்கள். அவரோடு சண்டை போட உங்களுக்கு நிறைய இடம் கிடைக்கும். பாலீஷைப் பற்றிக் கேட்டால், கறையோடு சேர்த்து வைத்துக்கொள்ளத்தான் மூலப் பிரதி. மங்கலாக வைத்தால் படத்தின் குற்றம் குறையாது.

"இரண்டாம் பாகம் வாங்கலாமா?"
*– சேலம் வாசகர்*

2006-இல் வந்தது. தியேட்டரிலேயே யாரும் வாங்கவில்லை.

"மேலும் கீழும் கறுப்புப் பட்டை. காசு கொடுத்து முக்கால் டிவி பார்ப்பதா? பழைய கேசட்டில் திரை முழுக்கத் தெரிந்ததே."
*– திண்டுக்கல் வாசகர்*

கேசட்டில்தான் உங்கள் காசு போனது. படம் உயரத்தைவிட அகலத்தில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. பழைய டிவி ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல். திரையை நிரப்ப வேண்டி இரண்டு பக்கமும் அறுத்தார்கள். நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் போய்விட்டது. காரில் இரண்டு பேர் பேசினால் ஒரு மூக்கும் ஒரு ஸ்டியரிங்கும்தான் மிஞ்சும். பட்டையைச் சகித்துக்கொள்ளுங்கள், விளக்கை அணைத்தால் கண்ணுக்கே தெரியாது.

எல்லாப் படத்துக்கும் இதே கணக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குப்ரிக்கின் 'ஐஸ் வைட் ஷட்' முதலில் டிவிடியாக வந்தபோது சதுரத்துக்குப் பக்கமான சட்டகத்தில்தான் வந்தது. வீட்டில் பார்க்க அதுதான் அவர் விரும்பிய முறை என்றார்கள். 2007-இல் அகலத்திரைக்கு மாறியது. எது சரி என்று அடித்துக்கொள்ளாத ரசிகர் இல்லை. அதில் இன்னொரு கூத்து: அமெரிக்காவில் 'ஆர்' வாங்குவதற்காக, முகமூடி விருந்துக் காட்சியில் கம்ப்யூட்டரில் வரைந்த அங்கி போட்ட ஆட்களைக் குறுக்கே நிறுத்தி மறைத்திருந்தார்கள். 1999 மார்ச்சில் குப்ரிக் இறந்தார், படம் ஜூலையில் வந்தது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு அந்த அங்கிக்காரர்கள் விலகியது 2007 டிஸ்க்கில்தான். அந்தத் தலைவலியோடு ஒப்பிட்டால் உங்கள் கறுப்புப் பட்டை எவ்வளவோ மேல்.

"நாம் கத்திக் கடிதம் போட்டால் எந்தக் கம்பெனிக்காரன் கேட்கப்போகிறான்?"
*– தஞ்சாவூர் வாசகர்*

கேட்டிருக்கிறான். பிரையன் டி பால்மாவின் 'டிரெஸ்டு டு கில்' (1980) படத்தை 2015-இல் கிரைட்டீரியன் நிறுவனம் புளூரேயாகக் கொண்டுவந்தது. பக்கவாட்டில் ஒடுங்கி, முகமெல்லாம் நீண்டு போயிருந்தது. முன்பிரதி பார்த்தவர்கள் பழைய டிஸ்க்கிலிருந்து அதே காட்சியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். நிறுவனம் வெளியீட்டைத் தள்ளிவைத்துத் திருத்தி மறுபதிப்பு போட்டது. 'மோசம், ஒரு ஸ்டார்' என்று எழுதியவர்களால் நடந்த காரியம் இல்லை இது. எந்தக் காட்சி, எத்தனையாவது நிமிடம், என்ன கோளாறு என்று எழுதியவர்களால் நடந்தது. எனக்கு எழுதும்போதும் தயவுசெய்து அப்படியே எழுதுங்கள். டிவி என்ன, பிளேயர் என்ன என்பதும் வேண்டும்.

"லண்டனிலிருந்து மச்சான் வாங்கிவந்த பெட்டியில் இரண்டு டிஸ்க். ஒன்று ஓடுகிறது, ஒன்று ஓட மாட்டேன் என்கிறது."
*– நாகர்கோவில் வாசகர்*

ஓடுவது 4கே. அதற்கு வட்டாரப் பூட்டு கிடையாது. ஓடாதது சாதாரண புளூரேயாக இருக்கும். அதில் ஐரோப்பா 'பி', இந்தியா 'சி'. இந்தியாவில் வாங்கிய பிளேயர் 'பி' பூட்டைத் திறக்காது. டிஸ்க் கெட்டுப்போகவில்லை, மச்சானைத் திட்டாதீர்கள். படம் 4கே-யிலேயே முழுசாக இருப்பதால் அதையே பாருங்கள்.

"அப்பாவின் பெட்டியில் அந்தக் காலத்துக் கேசட் கிடைத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?"
*– காரைக்குடி வாசகர்*

போடாதீர்கள். பூத்திருப்பது பூஞ்சணம். விசிஆரில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் கல்யாணக் கேசட்டுக்கும் தாவும். பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். இந்தப் படத்துக்காக அதைச் சுத்தம் செய்யச் செலவு பண்ண வேண்டாம், டிஸ்க்கே இருக்கிறது. அதே பெட்டியில் வீட்டு விசேஷக் கேசட் ஏதும் இருந்தால் அதை முதலில் வெளியே எடுத்து, டிஜிட்டலாக மாற்றித் தருபவரிடம் பூஞ்சணம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.